குற்றச்சாட்டே சான்றாகுமா?

(பதுளையில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

சேலம் என்ற பெயரைக் கேட்டவுடன் இங்கிருக்கும் முதியோர் நெஞ்சில் தமிழகத்துச் சேலம் தோன்றும். திருச்சி, மதுரை, தஞ்சை, சேலம் ஆகிய ஜில்லாக்களிலிருந்து கங்காணிமார் பின்னே கால்நடையாய் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். ஆயினும் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட சேலம் வேறு. அமெரிக்கக் கண்டத்தின் கீழ்க்கரையில், மாசசூசெட்ஸ் என்னும் ஆங்கிலக் குடியேற்ற நாட்டில் இருந்த ஊர் அது. அவ்வூர் 1692ஆம் ஆண்டில் தன் மக்களையே சூனியக்காரர் என்று குற்றஞ்சாட்டி, 14 பெண்களையும் 5 ஆண்களையும் தூக்கிலேற்றியது. கூலி உயர்வைப் பேச வேண்டிய மேடையில் முந்நூறாண்டுக்கு முந்திய சூனியக் கதை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கதையை முதலில் கேளுங்கள். விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

சேலத்தை அமைத்தவர்கள் பியூரிட்டன்கள் எனப்பட்ட கிறிஸ்தவ சமயத்தார். வழிபாட்டில் தூய்மை வேண்டும், ஆடம்பரச் சடங்கு ஆகாது என்று இங்கிலாந்தில் வாதிட்டவர்கள், அதனால் அல்லலுற்றவர்கள். தம் மனச்சாட்சிப்படி வாழ இடந்தேடிக் கடல் கடந்தவர்கள். அத்தகையோர் தமக்கென ஓர் ஆட்சி வாய்த்ததும் என்ன செய்தார்கள்? வேறு வகையில் இறைவனை வணங்கிய குவேக்கர் சமயத்தார் நால்வரை 1659 முதல் 1661 வரை பாஸ்டன் நகரில் தூக்கிலிட்டார்கள். ஒடுக்கப்பட்டவன் அதிகாரம் பெற்றால் நீதிமானாகி விடுவான் என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும். நாமும் ஒடுக்கப்பட்ட மக்கள். ஆதலால் நாம் இதனை இரண்டு முறை படிக்க வேண்டும்.

1692இல் அந்நாடு பயத்தில் மூழ்கியிருந்தது. வடக்கெல்லையில் போர். வீடிழந்த அகதிகள் சேலத்தில் வந்து தங்கியிருந்தனர். பழைய ஆட்சிப் பட்டயம் பறிபோய், புதியது இன்னும் வந்து சேராத காலம். சேலத்தை அடுத்த கிராமத்திலோ நிலத்தகராறும் குடும்பப் பகையும். சாமுவேல் பாரிஸ் என்ற குருவானவருக்குச் சம்பளமும் விறகும் கொடுப்பதா, வேண்டாமா என்பதில் ஊரே இரண்டுபட்டிருந்தது. அந்தக் குருவானவர் வீட்டில்தான் ஜனவரி மாதத்தில் 9 வயது மகளுக்கும் 11 வயது உறவுப் பெண்ணுக்கும் இனந்தெரியாத நோய் கண்டது. வலிப்பு, அலறல், பிதற்றல். வைத்தியருக்குக் காரணம் புலப்படவில்லை. உடனே எழுந்தது, நமக்கெல்லாம் பழக்கமான அந்தக் கேள்வி: யார் செய்த செய்வினை?

முதலில் மூவர் பிடிபட்டனர். ஒருத்தி குருவானவர் வீட்டு அடிமை, பெயர் டிட்டுபா. ஏடுகள் அவளை இந்தியப் பெண் என்று குறிக்கின்றன. நம் இந்தியாவன்று, அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடிகளை வெள்ளையர் அப்படித்தான் அழைத்தனர். மற்றொருத்தி வீடு வீடாய்ப் பிச்சை கேட்ட சாரா குட். மூன்றாமவள் நோயில் கிடந்த சாரா ஆஸ்பர்ன். அடிமை, பிச்சைக்காரி, நோயாளி! ஏன் இம்மூவர்? பரிந்து பேச ஆளில்லாதவர்கள் என்பதற்கு மேல் காரணம் வேண்டுமோ? சாரா குட்டின் மகள் நாலைந்து வயதுச் சிறுமி. அவளையும் பிடித்துச் சங்கிலியிட்டுப் பல மாதங்கள் சிறையில் வைத்தனர்.

அடிமையிலும் பிச்சைக்காரியிலும் தொடங்கிய தீ, பின்னர் ஆலயத்தில் முன்வரிசையில் அமர்ந்தவர்களையும் பற்றியது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் குற்றஞ்சாட்டப்பட்டனர். சேலம் நகரத்து மூத்த குருவானவர் ஜான் ஹிக்கின்சன். அவருடைய மகளும் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சூனியக்காரியெனப் பிடிக்கப்பட்டாள். அதே குருவானவரின் மகன் நத்தானியேல் ஹிக்கின்சன் யார் தெரியுமா? 1688இல் சென்னை நகரின் முதல் மேயராய் இருந்தவர். 1692 அக்டோபரில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர் பதவியேற்றவர். அண்ணன் தமிழர் மண்ணில் ஆளுநர். தங்கை அமெரிக்கச் சேலத்தில் சூனியக்காரி! கடல்களுக்கு அப்பால் யாருக்கோ நேர்ந்த கதை என்று இதனைத் தள்ளிவிட முடியாது, தோழர்களே.

சூனியக்காரரை எரித்தார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். சேலத்தில் ஒருவரும் எரிக்கப்படவில்லை. ஆத்திரங்கொண்ட கும்பல் அடித்துக் கொல்லவுமில்லை. நீதிமன்றம் கூடிற்று, நீதிபதிகள் அமர்ந்தனர், ஜூரிகள் சத்தியம் செய்தனர், சாட்சிகள் பேசினர், தீர்ப்பு எழுதப்பட்டது, அதன்பின் கயிறு விழுந்தது. சட்டம் பயின்ற நாம் வெட்கித் தலைகுனிய வேண்டிய இடம் இதுவே. குற்றஞ்சாட்டப்பட்ட எவருக்கும் வழக்கறிஞர் இல்லை. தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டௌட்டன் இறையியல் பயின்றவர், சட்டம் பயின்றவரல்லர்.

அந்த நீதிமன்றம் எவற்றைச் சான்றாக ஏற்றது என்று பாருங்கள்.

முதலாவது, ஆவியுருச் சான்று. "அந்தக் கிழவியின் உருவம் இரவில் வந்து என்னைக் கிள்ளிற்று" என்று ஒரு பெண் சொல்வாள். கிழவி அந்நேரம் தன் வீட்டில் உறங்கியிருக்கலாம். பத்துப் பேர் கண்டிருக்கலாம். பயனில்லை. வந்தது உடம்பன்று, உருவமாயிற்றே! குற்றஞ்சாட்டியவள் ஒருத்திக்கு மட்டுமே தெரியும் உருவத்தை யார் மறுக்க முடியும்? எப்படி மறுக்க முடியும்? மறுக்க வழியற்ற ஒன்றைச் சான்றென்று ஏற்றுக்கொண்ட அன்றே அந்த நீதிமன்றம் செத்துவிட்டது.

இரண்டாவது, ஒப்புதல். டிட்டுபா குற்றத்தை ஒப்புக்கொண்டாள். அவளுக்குத் தூக்கில்லை. அவளைப் பார்த்து ஐம்பது பேர்வரை ஒப்புக்கொண்டனர். ஒப்புக்கொண்டு, மற்றவர் பெயர்களையும் சொல்லி, அதிலேயே நின்றவர் எவரும் தூக்கிலேறவில்லை. "நான் பொய்யாய் ஒப்புக்கொண்டேன்" என்று வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்ற சாமுவேல் வார்ட்வெல் தூக்கிலேறினார். பொய் சொன்னவன் பிழைத்தான். உண்மை சொன்னவன் மாண்டான். நீதிமன்றத்துக்கு இதனினும் பெரிய சாபம் உண்டோ?

ரெபேக்கா நர்ஸ் என்ற 71 வயது மூதாட்டியின் வழக்கைக் கேளுங்கள். ஊரே மதித்த பெண்மணி. அவருக்காக அயலவர் 39 பேர் ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்திட்டனர். சூனியக்காரிக்குப் பரிந்து பேசுவோர் தாமும் சூனியக்காரராக்கப்பட்ட காலத்தில், 39 பேர் தம் பெயரை மையினால் எழுதிக் கொடுத்தார்கள்! ஜூரிகள் முதலில் குற்றவாளியல்லர் என்றே தீர்ப்பளித்தனர். குற்றஞ்சாட்டிய கூட்டம் ஓலமிட்டது. தலைமை நீதிபதி, அம்மூதாட்டி சொன்ன ஒரு சொல்லை மறுபடி ஆராயுமாறு ஜூரிகளுக்குச் சொன்னார். ஜூரிகள் அதன் பொருளை அவரிடமே கேட்டனர். காது மந்தமானவர், கேள்வி அவர் காதில் விழவில்லை, பதிலின்றி நின்றார். அந்த மௌனமே குற்றமாயிற்று. ஜூலை 19ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார்.

ஜைல்ஸ் கோரி என்ற எண்பது வயதைக் கடந்த விவசாயி, இந்த நீதிமன்றத்தின் விசாரணைக்கு இணங்க மறுத்தார். மார்பின்மேல் பலகையிட்டுக் கல்லின்மேல் கல்லாய் ஏற்றினார்கள். செப்டம்பர் 19இல் அக்கற்களின் கீழேயே உயிர் துறந்தார். சிறையிலேயே இறந்தோர் ஐவருக்குக் குறையார். விடுதலையானோரும் உடனே வீடு போய்விடவில்லை. சிறைச்சோற்றுக்கும் காலில் பூட்டிய விலங்குக்கும் கட்டணம் செலுத்த வேண்டும்! கடனை அடைத்தாலன்றித் துண்டு கிடையாது என்ற பழைய தோட்டத்து வழக்கத்தை அறிந்த நமக்கு இது புதுமையன்று.

முடிவு எப்படி வந்தது? நீதிபதிகளுள் நத்தானியேல் சால்டன்ஸ்டால் என்பவர் முதல் தூக்குக்குப் பின் பதவியை விட்டு விலகினார். இன்க்ரீஸ் மாதர் என்ற பெருங்குருவானவர், நிரபராதி ஒருவர் தண்டிக்கப்படுவதினும் சந்தேகத்துக்குரியோர் பத்துப் பேர் தப்புவது மேல் என்று அக்டோபரில் எழுதினார். ஆளுநர் அந்த நீதிமன்றத்தைக் கலைத்தார். 1693 ஜனவரியில் கூடிய புதிய நீதிமன்றம் ஆவியுருச் சான்றை ஏற்கவில்லை. உடனே என்ன நடந்தது? மூவரைத் தவிர எல்லோரும் குற்றமற்றவராயினர். அம்மூவரையும் ஆளுநர் காப்பாற்றினார். அதே ஊர், அதே மக்கள், அதே பயம். மாறியது சான்று விதி ஒன்றே! கயிற்றுக்கும் கழுத்துக்கும் இடையே நின்றது அந்த ஒரு விதி. சட்டநுணுக்கம் வக்கீல்களின் வயிற்றுப்பிழைப்பு என்று ஏளனம் செய்வோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

1697இல் நீதிபதி சாமுவேல் சூவல் ஆலயத்தில் எழுந்து நிற்க, அவருடைய மன்னிப்பு விண்ணப்பம் சபையார்முன் படிக்கப்பட்டது. ஜூரிகளும் மன்னிப்புக் கேட்டனர். 1711இல் சில குடும்பங்களுக்கு நட்டஈடு கிடைத்தது. புதிய நீதிமன்றம் தண்டித்த அம்மூவருள் எலிசபெத் ஜான்சன் என்ற பெண்ணின் பெயர்மட்டும் துடைக்கப்படாமலே கிடந்தது. ஓர் ஆசிரியையும் அவருடைய பள்ளிப் பிள்ளைகளும் முயன்றதன் பயனாக 2022இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது. குற்றஞ்சாட்ட ஒரு நொடி; களங்கம் துடைக்க 330 ஆண்டு!

தோழர்களே, இது வெள்ளைக்காரன் கதை என்று எண்ணி எழுந்துவிடாதீர்கள். நம்மைப் போலவே தேயிலை கிள்ளும் மக்கள் வாழும் அசாமுக்குச் செல்வோம். 2006ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அங்கு ஒரு தோட்டத்தில் நோய் பரவிச் சிலர் மாண்டனர். சூனியந்தான் காரணமென்று, ஆதிவாசித் தொழிலாளி ஒருவரையும் அவருடைய பிள்ளைகள் நால்வரையும் சக தொழிலாளரே தலைவெட்டிக் கொன்றனர். கொன்றவரும் தொழிலாளர், மாண்டவரும் தொழிலாளர். நோய் பரவுகையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, வைத்தியர் எங்கே, மருந்து எங்கே, சுத்தமான குடிநீர் எங்கே என்பது. அக்கேள்வி நிர்வாகத்தை நோக்கிப் போயிருக்கும். சூனியம் என்றதும் அது அயல் வீட்டை நோக்கித் திரும்பிவிட்டது! பின்னர் அசாம் சட்டசபை 2015இல் சூனிய வேட்டைக்கு எதிராகத் தனிச்சட்டம் இயற்றிற்று. நம் லயங்களிலும் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், கடைசி அறையில் தனித்திருக்கும் கைம்பெண்ணைக் கடைக்கண்ணால் பார்ப்போர் இல்லையா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

இனி நம் ஊவாவுக்கே வருவோம். இங்கிருந்து பண்டாரவளைக்குப் போகும் வழியில் பலமுறை பயணம் செய்திருக்கிறோம். பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ என்ற ஊர். அங்கிருந்த புனர்வாழ்வு முகாமில் 41 தமிழ் இளைஞர் வைக்கப்பட்டிருந்தனர். சரணடைந்தோர் சிலர், சந்தேகத்தின் பேரில் பிடிக்கப்பட்டோர் சிலர். சந்தேகத்தின் பேரில் என்ற சொல்லைக் கவனியுங்கள். 2000ஆம் ஆண்டு அக்டோபர் 25 காலை, பெருங்கூட்டம் ஒன்று கத்தியும் தடியும் ஏந்தி அம்முகாமுள் புகுந்தது. 27 பேர் கொல்லப்பட்டனர். எஞ்சிய 14 பேரும் காயமுற்றனர். ஏறத்தாழ 60 பொலிஸார் அங்கே ஆயுதத்துடன் நின்றனர், கொலையைத் தடுக்கவில்லை. அன்றைய கூட்டத்துக்கு நோயுமில்லை, செய்வினையுமில்லை. "புலி" என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. சேலத்தில் "சூனியக்காரி" என்ற சொல் செய்த வேலையை இங்கே அச்சொல் செய்தது. பெயர் சூட்டியாயிற்று, இனி விசாரணை எதற்கு?

ஆணைக்குழு அமைந்தது. 41 பேர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 2003இல் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டு மே மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் அனைவரையும் விடுவித்துவிட்டது. சான்றில்லாதவரைத் தண்டியுங்கள் என்று நாம் கேட்கமாட்டோம். இன்று நாம் பேசும் கொள்கையே அதற்கு இடந்தராது. நாம் கேட்பது வேறு. பட்டப்பகலில், பொலிஸார் கண்ணெதிரில், 27 பேர் கொல்லப்பட்டதற்குச் சான்று திரட்ட இயலாத அரசுக்கு, ஓர் இளைஞனைப் பிடித்து அடைக்கமட்டும் சந்தேகமே போதுமானதாய் இருந்ததே, அது எப்படி?

இங்கேதான் ஒப்புதல் மறுபடி வருகிறது. 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம், பொலிஸ் அதிகாரியிடம் செய்த குற்ற ஒப்புதலைக் குற்றவாளிக்கு எதிராக ஏற்கக்கூடாது என்று விதித்தது. வெள்ளையன் ஆட்சியில் எழுந்த விதிதான். ஆனாலும் நல்ல விதி. பூட்டிய அறைக்குள் என்ன நடக்கும் என்பதை அறிந்தவர் எழுதிய விதி. 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் அக்கதவை உடைத்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் செய்த ஒப்புதல் சான்றாகும் என்றது. அது பலாத்காரத்தால் பெறப்பட்டது என்று சொல்பவன் தானே அதனை நிரூபிக்க வேண்டும் என்றது. சாட்சியற்ற அறையில் நடந்ததற்குக் கைதி எங்கே போய்ச் சாட்சி தேடுவான்? அந்த அறை ஆவியுருவைப் போன்றதே. உள்ளே இருந்தவர்களைத் தவிர யார் கண்ணுக்கும் தெரியாது.

1993இல் மட்டக்களப்புப் பக்கத்தில் பிடிபட்ட ஒருவர், சிங்களத்தில் எழுதப்பட்ட ஒப்புதல் ஒன்றில் பெருவிரல் பதித்தார். அவருக்கு அம்மொழி படிக்கத் தெரியாது. அந்த ஒப்புதலைக் கொண்டே 1995இல் 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1999இல் அது 35 ஆண்டாகக் குறைந்தது. 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, அந்த விசாரணை நியாயமானதன்று என்று முடிவு கூறியது. காது கேளாத மூதாட்டியின் மௌனமும், மொழி அறியாதவரின் பெருவிரலும்! முந்நூறு ஆண்டு இடைவெளியில் அநீதி எவ்வளவு சிறிது தூரமே நடந்திருக்கிறது!

நம் மக்களுக்கு இந்த நியாயம் புதிதா? 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தொழிலாளியைப் பார்த்து என்ன சொன்னது? நீ இந்நாட்டவன் என்று நீயே நிரூபி. உன் தகப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டுவா என்றது. லயத்தில் பிறந்தவனின் தகப்பனுக்கு யார் பிறப்புச் சான்றிதழ் எழுதி வைத்தார்கள்? தலைமுறைகளாய் உழைத்து மலையைப் பச்சையாக்கியவர்கள் ஒரே சட்டத்தால் நாடற்றவராயினர். எஞ்சியோர் அனைவருக்கும் உரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆயிற்று. நிரூபிக்கும் சுமையை எளியவன் தலையில் ஏற்றிவிட்டால், தண்டனையைத் தனியே எழுத வேண்டியதில்லை, சுமையே தண்டனை!

ஆகவே தோழர்களே, நாம் இங்கிருந்து கொண்டு செல்ல வேண்டியவை மூன்று. பொலிஸ் அறையில் பெற்ற ஒப்புதலால் எவரும் தண்டிக்கப்படலாகாது. எந்தப் பெயரில் எந்தச் சட்டம் வந்தாலும் இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். புரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்திடாதீர்கள்; பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். உங்கள் லயத்தில் ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்றோ, ஓர் இளைஞனைத் துரோகி என்றோ ஒருவர் சொன்னால், சான்று எங்கே என்று கேளுங்கள். நம் எதிரிக்காகவும் அக்கேள்வியைக் கேட்கும் துணிவு வேண்டும். நமக்கு வேண்டியவனுக்கு மட்டும் கேட்பது நீதியாகாது.

ரெபேக்கா நர்ஸுக்காகக் கையெழுத்திட்ட 39 பேரால் அவர் உயிரைக் காப்பாற்ற முடியவில்லை என்பது உண்மையே. ஆனால் ஊர் முழுவதும் பித்தேறி நின்ற வேளையில், தம் அயலவளைத் தாம் அறிந்தபடி அறிந்து சொன்னவர்கள் 39 பேர் இருந்தார்கள். 390 பேர் இருந்திருந்தால் கயிறு அறுந்திருக்கும். அடுத்த முறை ஒரு பெயர் சந்தேகத்தின் பேரில் உரக்கச் சொல்லப்படும்போது, அந்தத் தாளில் முதல் கையெழுத்து ஊவாவின் தோட்டத் தொழிலாளியுடையதாய் இருக்கட்டும் என்று வேண்டி அமைகிறோம்.